உஷார்! அமைதிப் படிப்புக்கு அட்வான்ஸ் கட்டும் முன்...

மோதல் தீர்வு, அமைதி ஆய்வு, மனித உரிமை என்று முதுகலை படிக்க வெளிநாட்டுக்குக் கிளம்பும் பிள்ளைகளே, அதற்காக வீட்டுப் பத்திரத்தோடு பேங்க் வாசலில் நிற்கும் பெற்றோர்களே... கொஞ்சம் பொறுங்கள்!

படிப்பில் குற்றமில்லை. ஸ்வீடனின் உப்சாலாவில் 1971 முதலும், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1973 முதலும் இதற்கெனத் தனித் துறையே நடக்கிறது. சிக்கல் எல்லாம் படித்து முடித்த பிறகுதான். இந்தத் துறைக்குச் சம்பளம் கொடுத்துவந்த பெரிய கஜானா 2025-ல் காலியாகிவிட்டது. கன்சல்டன்சிக்காரர் நீட்டும் பிரோஷரில் மட்டும் அது இன்னும் நிரம்பி வழிகிறது.

பிரோஷரில் ‘வேலைவாய்ப்பு’ப் பக்கத்தைப் புரட்டுங்கள். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் பெயர் இருந்தால் அடித்துவிடுங்கள். அதன் திட்டங்களில் பெரும்பாலானவை ரத்தாகி, எஞ்சியவை 2025 ஜூலை 1-ல் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குப் போய்விட்டன. அடுத்து, அமெரிக்க நாடாளுமன்றம் 1984-ல் சட்டம் இயற்றி உருவாக்கிய அமெரிக்க அமைதி நிறுவனம். 2025 மார்ச்சில் அதன் வாஷிங்டன் ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அமெரிக்க அரசுப் பணத்தை நம்பியிருந்த தொண்டு நிறுவனங்களும் ஆட்குறைப்பில் இறங்கின. அனுபவசாலிகளே வேலை தேடி அலையும் வரிசையில், உங்கள் பிள்ளை கடைசியில் போய் நிற்க வேண்டும்.

விசா கணக்கும் இடிக்கிறது. அமெரிக்காவில் படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க 12 மாத அனுமதி உண்டு. அதற்கு மேல் கிடைக்கும் 24 மாதம் அறிவியல், பொறியியல், கணிதப் பிரிவுகளுக்கானது. சமூக அறிவியலில் பெரும்பாலான படிப்புகளுக்குக் கிடையாது. பிரிட்டனில் முதுகலை முடித்தவர்களுக்கு இருந்த 2 வருட அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதமாகச் சுருங்குகிறது. இ.எம்.ஐ. அப்படிச் சுருங்காது.

அடுத்த கண்ணி, ‘ஐ.நா. அங்கீகாரம்’. ஐ.நா. எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அங்கீகாரம் வழங்குவதில்லை. ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி பெற்ற தொண்டு நிறுவனம் கூட்டங்களில் கலந்துகொள்ளலாம். பட்டம் கொடுக்க அது லைசென்ஸ் அல்ல. பெயரில் ‘மனித உரிமை’யும் ‘சர்வதேச’மும் இருந்தால் மயங்கிவிடுகிறோம். 2023 பிப்ரவரியில் அப்படிப் பெயர் வைத்த ஓர் அமைப்பு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே மேடை போட்டு, சினிமா பிரபலங்கள் உட்படப் பலருக்கு ‘கௌரவ டாக்டர்’ பட்டம் வழங்கியது. தனக்குச் சம்பந்தமே இல்லை என்று பல்கலைக்கழகம் போலீஸில் புகார் கொடுத்தது. பிரபலங்களுக்கே இந்தக் கதி!

எட்டெக் நிறுவனங்களும் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களும் கைகோத்து விற்கும் ஆன்லைன் பி.எச்டி.க்கு அங்கீகாரம் இல்லை என்று 2022 அக்டோபரிலேயே யுஜிசியும் ஏஐசிடிஇயும் எச்சரித்துவிட்டன.

“ஸ்காலர்ஷிப் நாங்க வாங்கித் தர்றோம் சார்” என்பார்கள். ரோட்டரி அமைதி ஃபெலோஷிப் நிஜமானது. முழுச் செலவையும் ஏற்கிறது. ஆனால், முதுகலைக்கு மூன்று வருட வேலை அனுபவம் வேண்டும். டிகிரி முடித்த கையோடு கிடைக்கும் என்று சொன்னால் அது பொய். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையிலோ, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளை 2022-ல் விலக்கி வைத்துவிட்டார்கள். தென்மாவட்டச் சாதி மோதல்களை ஆராயப் போகிறேன் என்று எழுதும் முன் இந்த வருட விதிமுறையை வரி விடாமல் படியுங்கள். தேர்வாவது மட்டும் போதாது: 2025-ல் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் வந்தது. மற்றவர்களை நிதி வந்தால் பார்க்கலாம் என்று காத்திருக்க வைத்தார்கள்.

என்ன செய்யலாம்? பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அது இந்தியாவில் செல்லுமா என்பதை யுஜிசி தளத்தில் நீங்களே பாருங்கள். சென்ற இரண்டு பேட்ச் மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று துறைக்கே மெயில் போடுங்கள். டெல்லி ஜாமியா மில்லியாவின் நெல்சன் மண்டேலா மையத்திலும் இதே துறையில் எம்.ஏ. இருக்கிறது, அதன் கட்டணத்தைப் பிரோஷர் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இதெல்லாம் தெளிவாகும்வரை, “நாளைக்குள் கட்டினால்தான் சீட்” என்று எவர் போன் செய்தாலும் செக் புத்தகத்தைத் தொடாதீர்கள்!