மண் இறங்கும் கணக்கு

சரிதல் வேறு, தாழ்தல் வேறு. மலைச்சாய்விலுள்ள மண் நிலைபெயர்ந்து கீழே வருவது சரிவு. நிலம் தன் இடத்திலேயே இருந்துகொண்டு மெல்ல மெல்லக் கீழிறங்குவது தாழ்வு. கண்டிப் பகுதியில் வாழும் நமக்கு முன்னது நன்கு தெரியும். மழைக்காலந்தோறும் மண்சரிவு எச்சரிக்கை கேட்டுப் பழகியவர்கள் நாம். பின்னதற்கோ பொதுவழக்கில் ஒரு பெயர்தானும் நிலைபெறவில்லை. தோட்டத்து மக்கள் ‘மண் எறங்குது’ என்பர். அதுவே பொருத்தமான சொல் என்பது என் எண்ணம். பெயரில்லாத ஒன்றை விண்ணப்பத்தில் எங்ஙனம் எழுதுவது?

இதனை யான் ஆராயப் புகுந்தமைக்குக் காரணம் திகன. கண்டிக்குக் கிழக்கே உள்ள அவ்வூரைச் சூழ 2020 ஆகஸ்ட் 29 அன்று நிலம் அதிர்ந்தது. அவ்வாண்டிலேயே பின்னரும் சில முறை அதிர்வு உணரப்பட்டது. பேரழிவு எதுவும் நேரவில்லை. ஆயினும் மக்கள் மனத்தில் ஐயம் புகுந்தது. அப்பக்கத்தில் டொலமைட்டுச் சுண்ணக்கல் அகழ்கின்றனர். பாறையை வெடிவைத்துப் பிளக்கின்றனர். அருகே, 122 மீற்றர் உயர அணைக்குப் பின்னால் விக்டோரியா நீர்த்தேக்கம் 1985 முதல் நிறைந்து நிற்கின்றது. அகழ்ந்த குழியா, தேங்கிய நீரா, அன்றி இயற்கையா என்று ஊரார் வினவினர். புவிச்சரிதவியலார் கருவிகளை வைத்து அதிர்வை அளந்தனர்.

அப்பகுதியில் வாழும் ஆசிரிய நண்பர் ஒருவர் தம் சுவர் வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலாற் கோடிட்டு, பக்கத்தே தேதி எழுதி வைத்திருக்கின்றார். அவர் ஓர் அலுவலகத்துக்கு முறையிடச் சென்றபோது, “இந்த வெடிப்பு முன்னமே இருந்ததில்லை என்பதற்கு என்ன சான்று?” என்று கேட்டனராம். வீடு வாங்கிய நாளிலேயே சுவரை அளந்து வைத்தவர் யார்?

அந்தச் சான்று வானத்தில் உண்டு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஐரோப்பியர் 2014 ஏப்ரலில் சென்டினல்-1ஏ என்னும் செயற்கைக்கோளை ஏவினர். ஏறத்தாழ 700 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அது ரேடார் அலைகளைத் தரைமீது செலுத்தி, மீண்டு வரும் அலையைப் பதிவு செய்கின்றது. இரவும் முகிலும் அதற்குத் தடையல்ல. பன்னிரண்டு நாளைக்கொருமுறை அதே பாதையில் மீள்கின்றது. அலையின் நீளம் 5.6 சென்ரிமீற்றர். முதல் வருகையில் மீண்ட அலையையும் அடுத்த வருகையில் மீண்ட அலையையும் ஒப்பிட்டால், முகடும் பள்ளமும் எத்துணை விலகியுள்ளன என்பது தெரியும். அலை சென்று திரும்புவதால் வழி இரட்டிக்கின்றது. ஆதலின் நிலம் 2.8 சென்ரிமீற்றர் விலகினாலே ஒரு முழு அலை வேறுபாடு தோன்றும். பல்லாண்டுப் பதிவுகளைக் கோத்துப் பார்ப்பின் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் தாழ்வையும் கணிக்கலாம். 1992இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தைப் பிரெஞ்சு அறிஞர் இம்முறையாற் படமாக்கி அடுத்த ஆண்டு வெளியிட்டபோது உலகம் வியந்தது. சுரங்க நாடுகளுக்கு இஃது இப்போது அன்றாடக் கருவி. நிலத்தடியில் நூறாண்டுக்கு மேலாக நிலக்கரி எரியும் ஜாரியாவிலும் இந்திய ஆய்வாளர் நிலத்தாழ்வை இவ்வாறே அளந்துள்ளனர்.

நம் மலைநாட்டில் இக்கருவிக்கு இடர்ப்பாடுகள் உண்டு. இலை அசையும், தளிர் வளரும், கொழுந்து கொய்த செடி அடுத்த முறை வேறு வடிவில் நிற்கும். சென்ற முறை பட்ட அலையும் இம்முறை பட்ட அலையும் ஒவ்வாமல் கணக்குக் குழம்பும். காற்றிலுள்ள ஈரமும் அலையைத் தாமதிக்கச் செய்யும். கண்டி மூட்டத்துக்குச் சொல்லவேண்டுமா? செங்குத்தான சாய்வுகளில் படம் மடிந்துபோதலும் உண்டு. அசையாப் பொருள்களே துணை: பாறை, பாலம், கட்டடம், கூரை. தேயிலைக் காட்டின் நடுவே லயத்தின் தகரக் கூரைதான், திசை வாய்க்குமாயின், செயற்கைக்கோளுக்கு நம்பகமான அடையாளம். மழைக்கு ஒழுகுகின்ற அக்கூரைக்கு இப்படி ஒரு பெருமை கிடைக்குமென்று யார் நினைத்தார்?

2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், இந்தியரும் அமெரிக்கரும் சேர்ந்து அமைத்தது. அதன் இரு ரேடார்களுள் ஒன்றின் அலைநீளம் ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர். நெட்டலை இலைகளை ஊடுருவித் தரையைத் தொட வல்லது. ஆதலின் நம் போன்ற பசுமை நாட்டுக்கு அது கூடுதற் பயன் தரும்.

இக்கணக்கு எவரையும் குற்றவாளி என்று கூறாது. எங்கே, எப்போது, எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். ஆனால் தாழ்வின் வடிவமே பாதி விடையாகும். அகழ்விடத்தைச் சூழக் கிண்ணம்போல் நிலம் இறங்கியிருப்பின் ஒரு பொருள். நீர்த்தேக்கம் நிறைந்து வற்றுவதற்கேற்ப நிலமும் தாழ்ந்து எழுமாயின் வேறு பொருள். வெடியதிர்ச்சியாற் சுவர் மட்டும் பிளந்து நிலம் இருந்தபடியே இருந்தாலோ, ரேடார் ஒன்றும் காட்டாது. அதை வீட்டுக்காரருக்கு எதிரான சாட்சியாக எவரும் கொள்ளலாகாது.

திகன அதிர்வதற்கு முன்னைய ஆறாண்டுப் பதிவுகளும் சேமிப்பில் உள்ளன. எவரும் கட்டணமின்றிப் பெறலாம். வேண்டுவன கணினியும் பயிற்சியும். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் புவிச்சரிதவியல் கற்கும் மாணவர்க்குத் திகன தொலைவன்று. அவர்கள் கணிக்கும் படம் ஆங்கில ஆய்விதழோடு நின்றுவிடாமல், சிங்களத்திலும் தமிழிலும் விளக்கம் எழுதப்பெற்று அவ்வூர்க் கிராம சேவையாளர் அலுவலகச் சுவரிலே ஒட்டப்பட வேண்டும். தமிழ் விளக்கத்தை எழுதித்தர யானே ஆயத்தமாயுள்ளேன்.