தொட்டிச் செடிக்கு அன்னபேதி பலிக்காது

புதுத் தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், காரிமங்கலம் பக்கத்துத் தக்காளி விவசாயி பார்த்ததுமே ‘இரும்புக் குறை’ என்பார். அடியிலைகள் பழுத்தால் தழைச்சத்து (நைட்ரஜன்). பழைய இலையின் ஓரம் கருகினால் சாம்பல்சத்து (பொட்டாசியம்). கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் மீன்களோடு வளரும் செடிக்கும் இதே இலக்கணம்தான். தழையையும் சாம்பலையும் செடி முதிர்ந்த இலையிலிருந்து உருவித் தளிருக்கு அனுப்பிவிடும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. அதனால்தான் அதன் பஞ்சம் முதலில் தளிரில் தெரிகிறது.

உரமும் ஏறக்குறைய ஒன்றே. மீன்கடையில் சின்ன பாட்டிலில் விற்கும் செடி உரத்தில் பெரும்பகுதி தண்ணீர். கரைந்திருக்கும் உப்புகளோ சொட்டுநீர்ப் பாசனத்துக்கு உரக்கடைகளில் விற்பவை: 13:0:45 என்ற பொட்டாசியம் நைட்ரேட், 0:52:34 என்ற மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 100 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்தால் லிட்டருக்கு சுமார் 6 மில்லிகிராம் நைட்ரேட்டும் 4 மில்லிகிராம் பொட்டாசியமும் கூடும். செடி அடர்ந்த தொட்டிக்கு லிட்டருக்கு நைட்ரேட் 10 முதல் 20 மில்லிகிராம், பாஸ்பேட் 1 முதல் 2 மில்லிகிராம் வரை இருந்தால் தாராளம். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் 85 லிட்டர்கூடப் பிடிக்காது. ஒரு கிலோ பை வாங்கினால் பேரப்பிள்ளை காலம்வரை வரும்!

ஆனால் 19:19:19 என்ற கலப்பு உரப் பையைத் தொடாதீர்கள். அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா, அமோனியமும் உண்டு. யூரியா தண்ணீரில் சிதைந்து அமோனியா ஆகும். அமிலமும் காரமும் இல்லாத, பிஎச் 7 உள்ள நீரில் இந்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. பிஎச் 8-ஐத் தொட்டால், நம் வெயிலில் அது 6, 7 சதவீதமாகிவிடும். தக்காளிக்கு உரமாவது மீனின் செவுளுக்கு நெருப்பு.

தர்மபுரி மாவட்டத்துப் பாறைக்குள்ளிருந்து வரும் போர் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை கொண்டது. (அதிலுள்ள ஃப்ளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013-இல் தொடங்கப்பட்டது. குழாயில் வரும் அந்தக் காவிரி நீரைத் தொட்டிக்கு எடுத்தால் குளோரின் போக ஒருநாள் திறந்து வைக்க வேண்டும்.) இரும்புச் சிக்கல் இந்தக் காரத்தில்தான் பிறக்கிறது. வயலில் தெளிக்கும் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, தொட்டியில் போட்டால், காற்றும் காரமும் சேர்ந்து சீக்கிரமே அதைத் துருவாக்கிவிடும். துரு அடியில் படியும். தண்ணீரில் இரும்பு இருக்கிறது, இலைக்குக் கிடைக்காது. இரும்பைப் படியவிடாமல் பிடித்து வைக்கும் சேர்மம்தான் செலேட்; கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இடிடிஏ செலேட் இரும்பும் பிஎச் 6.5 தாண்டினால் பிடி தளர்ந்துவிடும். டிடிபிஏ 7.5 வரை தாங்கும். அதற்கும் மேலே என்றால் இடிடிஎச்ஏ. அது தண்ணீரைச் சிவப்பாக்கும், பார்க்க அழகாக இராது. ஆனால் வேலை செய்யும். எந்த இரும்பானாலும் பாஸ்பேட் போடும் நாளில் போடாமலிருப்பது நல்லது. இரண்டும் சேர்ந்தால் கரையாமல் படிந்துவிடும்.

இந்தக் காரத்தண்ணீரில் ஒரு லாபமும் உண்டு. பள்ளி ஆய்வகத்தில் புனலைக் கவிழ்த்து ஹைட்ரில்லாவிலிருந்து குமிழி வருவதைப் பார்த்தோமே, அந்தத் தண்ணீரில் ஆசிரியர் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவார். சோடாவிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே கரியை எடுத்துக்கொள்ளும் திறமை ஹைட்ரில்லாவுக்கு உண்டு. நம் போர் தண்ணீரில் பைகார்பனேட் ஏற்கெனவே இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து மீன்தொட்டிச் செடியாக ஃப்ளோரிடாவின் டாம்பாவுக்குப் போன இச்செடி, கால்வாய்களில் இறங்கி, அமெரிக்காவே அஞ்சும் களையானதில் இந்தத் திறமைக்கும் பங்குண்டு. வாலிஸ்நேரியாவும் இதே ரகம். மாஸ் வகைச் செடிகளுக்கோ கரைந்த கார்பன் டைஆக்சைடுதான் வேண்டும். உருளை வாங்கி வாயு விட மனமில்லாதவர்கள் முதல் இரண்டோடு நிற்கலாம்.

இரும்புக்கு எனக்குப் பிடித்த வழி செலேட் அல்ல, செம்மண். நம் மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999-இல் வெளியிட்ட நூலில் பரிந்துரைத்தது இதைத்தான்: அடியில் ஓரங்குலம் மண், மேலே சரளை. நாம் பருமணல் பரப்பலாம். ஆக்சிஜன் எட்டாத அந்த அடுக்கில் நுண்ணுயிர்கள் துருவைக் கரையும் இரும்பாக்க, வேர் அதை உறிஞ்சிக்கொள்ளும். உரமோ பூச்சிமருந்தோ படாத மண்ணாக இருக்க வேண்டும். புது மண் முதல் சில வாரங்கள் அமோனியா விடும் என்பதால் செடிகளை முதலில் நட்டு, அவை வேர் பிடித்து அமோனியா அடங்கிய பிறகே மீனை விட வேண்டும்.