தீப்பந்தம் ஏன் மஞ்சளானது?
விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் தீப்பந்தத்தின் ஆரஞ்சு வெளிச்சத்துக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 255, 170, 0 என்று ‘கலர்’ கட்டளையில் எழுதினால் ஆரஞ்சு வராது. அது கேட்பது 0 முதல் 1 வரையிலான அளவு; திரை தாங்காத மிகுதியை வெட்டும்போது சிவப்பும் பச்சையும் ஒரே உச்சத்தில் நின்று, மஞ்சள்தான் மிஞ்சும். 255ஆல் வகுத்து 1, 0.67, 0 என்று கொடுக்க வேண்டும். பழகிய 255 போதாதா என்பார்கள். அதற்குத்தான் ‘கலர்32’ இருக்கிறது. படத்துக்கு அது போதும். வெளிச்சமோ பெருக்கல் கணக்கு: விளக்கின் நிறத்தைச் சுவரின் நிறத்தால் பெருக்குகிறார்கள். பாதியைப் பாதியால் பெருக்கினால் கால். 128ஐ 128ஆல் பெருக்கினால் 16,384. திரும்ப வகுக்காமல் அதற்குப் பொருளே இல்லை. சரி, சூரியனின் வெளிச்சம் 1ஐத் தாண்டக் கூடாதா? தாராளமாகத் தாண்டலாம். ஆனால் நிறத்தைத் தொடாமல் விளக்கின் ‘இன்டென்சிட்டி’யைக் கூட்டினால், நிற விகிதம் கெடாது.