டிரம்காரர் இல்லாத இசைத்தட்டு

ஜெத்ரோ டல் என்பவர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விதை விதைக்கும் கருவியை உருவாக்கிய ஆங்கிலேய வேளாண்மையாளர். 1967-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஒரு ராக் குழு அவர் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. அதன் தலைவர் இயன் ஆண்டர்சன் ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் வாசிப்பார். (நம் கண்ணனாவது மற்றொரு காலைக் குறுக்கே ஊன்றிக்கொள்வான்!)

1977 முதல் 1979 வரை இவர்கள் வெளியிட்ட 'சாங்ஸ் ஃப்ரம் தி வுட்', 'ஹெவி ஹார்சஸ்', 'ஸ்டார்ம்வாட்ச்' மூன்றிலும் ஆங்கில நாட்டுப்பாடலின் மணம் வீசும். எனக்கு அவற்றில் தனிப் பிரியம். அதனால் 1984-ல் வந்த 'அண்டர் ராப்ஸ்' இசைத்தொகுப்பை நண்பர் ஒருவர் தந்த ஒலிநாடாவில் கேட்டபோது, டேப் ரிக்கார்டரில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி, அதன் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். கோளாறு அங்கே இல்லை. அந்தத் தொகுப்பில் டிரம் வாசிக்க ஆளே கிடையாது; எல்லாம் டிரம் மெஷின்.

அக்காலத்து டிரம் மெஷின்கள் பலவற்றில், உண்மையான டிரம்மின் ஒவ்வொரு ஒலியையும் ஒருமுறை பதிந்து, மின்னணுச் சில்லில் வைத்திருப்பார்கள். எந்த நொடியில் எந்த ஒலி என்று முன்கூட்டியே கட்டளை கொடுத்துவிட்டால், இம்மியும் பிசகாமல் அடிக்கும். ஆயிரம் முறை அடித்தாலும் அதே ஒலிதான். மனிதர் அடிக்கும்போது ஒரு அடி சற்று ஓங்கும், மற்றொன்று ஒரு மயிரிழை பின்தங்கும். பாடுபவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து இடம் கொடுப்பார். நம் மிருதங்கக்காரர்கள் செய்வதும் இதுதானே? நாட்டுப்பாடல் இந்த விட்டுக்கொடுத்தலில்தான் உயிர் வாழ்கிறது. அளவு தவறாமை ரயில் பாதைக்கு நல்லது, பாட்டுக்கு அப்படியல்ல.

கருவி கண்டவர் பெயரை வைத்துக்கொண்ட குழு கருவியைக் கையாண்டால் தவறா என்று கேட்கலாம். தவறில்லை. 1982-ல் வந்த 'பிராட்ஸ்வோர்ட் அண்ட் தி பீஸ்ட்' தொகுப்பிலும் சிந்தசைசர் நிறைய உண்டு; ஆனால் ஜெர்ரி கான்வே டிரம் வாசித்தார், அது கேட்க நன்றாகவே இருந்தது. வருத்தம் என்னவென்றால், உழவுக் குதிரைகளின் இடத்தை டிராக்டர் பிடித்ததற்காக 1978-ல் உருகிப் பாடியவர், ஆறே ஆண்டில் டிரம்காரரின் இடத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்.

நான் சொல்வதைச் சோதிக்க வெளியே போகவேண்டாம். தலைப்புப் பாடல் இதே தொகுப்பில் இரண்டு முறை வருகிறது. முதலாவது மின்னணு இரைச்சல். இரண்டாவதில் மின்சாரம் கலவாத கிட்டார் முன்னே வருகிறது; பாட்டு மூச்சுவிடுகிறது. அடுத்தடுத்துக் கேளுங்கள்.

இந்தப் பாடல்களை மேடையில் பாடிய சுற்றுப்பயணத்தில் ஆண்டர்சனின் தொண்டையும் கெட்டது. அடுத்த தொகுப்பு 1987-ல்தான் வந்தது. அதிலும் சில பாடல்களில் டிரம் மெஷின் இருந்தது, ஆனால் கான்வேயும் டோன் பெரியும் மற்றவற்றுக்கு வாசித்தார்கள். 1989-ல் அதற்கு கிராமி விருது கிடைத்தது.