கதவுக்கு ஆறு பக்கம்

விடுமுறையில் அறைக் கதவுக்குச் சாயம் பூசப் போகிறீர்களா? முன்புறம், பின்புறம், இரு ஓரங்கள் ஆகிய நான்கையும் யாரும் விடுவதில்லை. மேல்விளிம்பும் அடிவிளிம்பும்தான் விடுபடுகின்றன.

மரக்கதவில் இழைகள் அறுபட்டு நிற்பது அங்கேதான். ஈரம் அவ்வழியே எளிதில் ஏறும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். மழைக்காலத்தில் மரம் உப்பி, கதவு நிலையில் உரசும்.

உரசினால் உடனே இழைத்துவிடாதீர்கள். முதலில் கீல்களின் திருகுகளை இறுக்குங்கள். அவை தளர்ந்தாலும் கதவு சாய்ந்து உரசும். மழைநாளில் இழைத்த கதவு, காய்ந்தபின் சுருங்கி இடைவெளி விடும். உள்ளே கூடான கதவை அதிகம் இழைத்தால் ஓரச்சட்டமே பலவீனமாகும்.

பூசும்போது இருவராகக் கதவைக் கழற்றிப் படுக்கவைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிட்டு, அடிப்பூச்சை அந்த இரு விளிம்புகளிலிருந்தே தொடங்குங்கள்.