பாதரசத்தைக் காட்டிக் கொடுத்த விளக்கு

ஒரு கிராம் பாதரசத்தை நூறு கோடிப் பங்காக்குங்கள். அதில் சில நூறு பங்கை மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. நாக்குக்கும் தெரியாது. ஆனால் விஞ்ஞானிகள் அதையும் அளந்து விடுகிறார்கள்!

மலையில் நடந்தது

மதுரைக்கு வடமேற்கே உள்ள கோடைக்கானலில், 1983-ம் ஆண்டு காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஏற்பட்டது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கம்பெனி வசம் வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, ஊருக்குள் பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்ததைப் பொதுமக்கள் கண்டுபிடித்தார்கள். 2001 மார்ச் மாதம் தொழிற்சாலை மூடப்பட்டது.

தொழிற்சாலைக்குக் கீழே பாம்பார் சோலை. அங்கிருந்து வரும் பாம்பாறு, கும்பக்கரை அருவியாக விழுந்து, வராக நதி வழியாக வைகையில் சேருகிறது. வைகைத் தண்ணீர்தானே மதுரைக்கு? மலையின் கவலை சமவெளிக்கும் உண்டு.

அளப்பது எப்படி?

தண்ணீர் பிடிக்கும் புட்டியை முதலில் அமிலத்தால் கழுவுவார்கள். ஒட்டியிருக்கும் தூசி கூடக் கணக்கைக் கெடுத்து விடும். பிறகு தண்ணீரில் சில ரசாயனங்களைச் சேர்த்தால், பாதரசம் ஆவியாகக் கிளம்பும். முள்ளை முள்ளால் எடுப்பது போல, அந்த ஆவிக்குள் பாதரச விளக்கின் ஒளியையே பாய்ச்சுவார்கள். ஆவி ஒளியை விழுங்கும். ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்த்துப் பாதரசத்தைக் கணக்கிடுவார்கள்.

ஐதராபாத் விஞ்ஞானிகள் கோடை ஏரியைச் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் இருந்தது! பேரிஜம், குக்கல் ஏரிகளில் அதைவிடக் குறைவு. காரணம் தொழிற்சாலையே என்றார்கள்.

துளிதானே என்று விடலாமா?

கூடாது. சேற்றிலுள்ள கிருமிகள் பாதரசத்தைக் கொடிய விஷமாக மாற்றுகின்றன. அது மீனில் சேருகிறது. சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன விஷமும் பெருகுகிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில், இப்படி மீன் தின்றவர்களின் நோய் 1956-ல் வெளிப்பட்டது. கைகால் நடுங்கின, பார்வை மங்கியது. தாய் வயிற்றில் இருந்த சிசுவும் தப்பவில்லை.

2016-ல் கம்பெனி, முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு செய்து கொண்டது.

வீட்டில் பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் விளக்குமாற்றால் பெருக்காதீர்கள். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கெட்டிக் காகிதத்தால் உருட்டிச் சேர்த்துப் புட்டியில் மூடுங்கள். பளபளக்கும் அந்த மணி விளையாட்டுப் பொருள் அல்ல!