கன்று வாங்க முன் யன்னலைப் பாருங்கள்

கனடாவில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்கு இது விளங்கும். நவம்பர் மாதம் வந்தால் மரங்கள் எல்லாம் இலை கொட்டி விறகு மாதிரி நிற்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் ஊசியிலை மரங்களைத் தவிர, ஏப்ரல் முடியும்வரை கண்ணுக்குப் பச்சை என்று ஒன்றும் அகப்படாது. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்பும் எங்களுக்கு, வீட்டுக்குள்ளாவது நாலு இலையைப் பார்க்க வேண்டும் போல் இருக்கும். மரக்கறி வாங்கக் கடைக்குப் போனால் வாசலிலேயே குரோட்டனும் அந்தூரியமும் வடிவாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஊர் முற்றத்தைக் கண்ட மாதிரி இருக்கும். விலையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வருவோம். மூன்று கிழமையில் அது குப்பைக்குள் போய்விடும். பிறகு, "இந்த நாட்டில் எங்கட கன்றுகள் வராது" என்று சொல்லிவிடுவோம்.

நாங்களும் அப்படிச் சொன்னவர்கள்தான். அது பிழை என்று விளங்க எங்களுக்கு இரண்டு குளிர்காலம் எடுத்தது. நாங்கள் தோட்டக்கலை படித்தவர்கள் அல்லர். தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். ஆனாலும் புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் எங்களைப் போல் காசை வீணாக்கக்கூடாது என்பதற்காக, பட்டு அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

எங்கள் குரோட்டன் கதை

நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு தொடர்மாடியின் 11 ஆம் மாடியில் இருக்கிறோம். வந்த முதலாம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு குரோட்டன் வாங்கினோம். மஞ்சளும் சிவப்பும் கலந்த அகன்ற இலை. அப்போது எங்களிடம் கார் இல்லை. கன்றைக் கையில் பிடித்தபடி பஸ்ஸுக்குக் கால் மணித்தியாலம் காத்து நின்றோம். எங்களுக்குத் தொப்பி, கையுறை, தடித்த உடுப்பு எல்லாம் இருந்தன. கன்றுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த கிழமையே எல்லா இலையும் கொட்டிவிட்டது. தடி மட்டும் நின்றது. செத்துப் போயிற்று என்று எறிந்துவிட்டோம்.

அடுத்த ஆண்டு அம்மா வந்து சேர்ந்தார். வந்த நாள் தொடக்கம் யன்னலோரக் கதிரையில் இருந்து கீழே ஓடும் கார்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதிகம் கதைக்க மாட்டார். அவருக்காகச் செப்ரெம்பரில் இன்னொரு குரோட்டன் வாங்கி வைத்தோம். ஒக்டோபரில் ஹீற்றர் வேலை செய்யத் தொடங்கியதும் இதுவும் இலை கொட்டியது. குப்பைக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது அம்மா மறித்தார். பெருவிரல் நகத்தால் தடியின் தோலை மெல்லக் கீறிக் காட்டினார்.

"பச்சை கிடக்கு. இது சாகேல்லை. அசைக்காமல் விடுங்கோ" என்றார்.

அது அவருக்குப் பழகிய வேலை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட நாங்கள் அடுத்த ஆண்டு திரும்பிப் போனபோது, வீட்டுக்கு ஓடு இல்லை, படலை இல்லை. ஒருவரும் தண்ணீர் ஊற்றாமல் வேலியோரக் குரோட்டன் மொட்டையாக நின்றதாம். அன்றும் அம்மா நகத்தால் கீறித்தான் பார்த்தாராம். கிணற்றில் அள்ளிய முதல் வாளித் தண்ணீர் அதற்குத்தானாம்.

அம்மா சொன்னபடி கன்றை அசைக்காமல் விட்டோம். மார்ச் மாதம் நுனியில் இரண்டு சிவப்புக் குருத்து வந்தது. முதல் ஆண்டு நாங்கள் எறிந்த கன்றும் ஒருவேளை உயிரோடுதான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் நினைத்தோம்.

இலை ஏன் கொட்டுகிறது?

குரோட்டனின் தாயகம் மலேசியா, இந்தோனேசியா முதல் பசிபிக் தீவுகள் வரையான பகுதி. வெளிச்சம், வெப்பம், காற்றின் ஈரம் மூன்றும் சேர்ந்த இடத்தில் வளர்ந்தது. இடம் மாறினால் பழைய இடத்து வெளிச்சத்துக்கென்று வளர்த்த இலைகளைக் கொட்டிவிட்டு, புதிய இடத்துக்கு ஏற்ற இலைகளை விடும். இதற்குச் சில கிழமைகள், சிலவேளை மாதங்கள் எடுக்கும். அந்த நேரத்தில் பதறிப்போய் இன்று இந்த அறை, நாளை அந்த அறை என்று மாற்றினால் ஒவ்வொரு முறையும் இலை கொட்டும். கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினால் வேரும் அழுகும். எனவே நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் பொறுத்திருங்கள். நுனியில் மண்ணிறமாகக் காய்ந்திருந்தால் கீழே இறங்கி இன்னோர் இடத்தில் கீறிப் பாருங்கள். அடிவரை காய்ந்திருந்தால் மட்டும் எறியலாம். குரோட்டனின் பால் தோலில் பட்டால் கடிக்கும். கையைக் கழுவிவிடுங்கள்.

குளிர்காலத்தில் கன்று வாங்காமல் விடுவதே நல்லது. வாங்கத்தான் வேண்டுமென்றால் பேப்பரால் முழுதாகச் சுற்றி, பைக்குள் வைத்து, வாயைக் கட்டிக் கொண்டு வாருங்கள். கார் இருந்தால் முன்கூட்டியே சூடாக்கிவிட்டு ஏற்றுங்கள்.

எந்த யன்னலுக்கு எந்தக் கன்று?

கடையில் வடிவைப் பார்க்க முன் வீட்டில் யன்னல் எந்தத் திசை பார்க்கிறது என்று பாருங்கள். டிசம்பர் 21 அளவில் யாழ்ப்பாணத்தில் பகல் பதினொன்றரை மணித்தியாலம். ரொறன்ரோவில் 9 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த வெயிலும் தெற்குப் பக்கம் தாழ்வாகத்தான் வரும்.

தெற்கு யன்னல்: செவ்வரத்தைக்கும் குரோட்டனுக்கும் இதுவே நல்ல இடம். வெளிச்சம் குறைந்தால் குரோட்டன் நிறத்தை இழந்து வெறும் பச்சையாகிவிடும். செவ்வரத்தை மொட்டே வைக்காது.

கிழக்கு யன்னல்: அந்தூரியத்துக்கு ஏற்றது. கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் மழைக்காடுகளில் மர நிழலில் வளர்வது. நாங்கள் பூ என்று சொல்லும் அந்தச் சிவப்புத் தகடு உண்மையில் ஓர் இலை. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் இருப்பவைதான் பூக்கள். அதனால்தான் ஆறு கிழமைக்கு மேலும் வாடாமல் நிற்கிறது. ஆபிரிக்கன் வயலற்றும் கலத்தியாவும் இங்கே வரும். கலத்தியாவின் இலையில் கோலம் போட்டது போல் வரிகள் இருக்கும். இரவில் இலைகளை மேலே உயர்த்தி மடக்கும், காலையில் விரிக்கும். எங்கள் மகள் அதைப் பார்க்கவென்றே நேரத்துக்கு எழும்புகிறாள்.

வடக்கு யன்னல் அல்லது இருட்டு அறை: ஸ்னேக் பிளான்ற், மணி பிளான்ற், பீஸ் லில்லி. ஸ்னேக் பிளான்ற் எங்கள் ஊர் மருளுக்குச் சொந்தக்காரன். குறைந்த வெளிச்சத்தையும் மறதியையும் தாங்கும். முதன்முதலாகக் கன்று வைப்பவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். பீஸ் லில்லி வெள்ளைப் பூப் பூக்கும். தாகம் எடுத்தால் இலையெல்லாம் சரிந்துவிடும், தண்ணீர் ஊற்றினால் சில மணித்தியாலத்தில் நிமிரும்.

யன்னலே சரியில்லை என்றால் எல்.ஈ.டி. விளக்கொன்றைக் கன்றுக்கு மேலே கிட்டவாகப் பொருத்தி, தினமும் 12 மணித்தியாலம் எரிய விடலாம்.

தண்ணீர்: ஊர்ப் பழக்கத்தை விடவேண்டும்

ஊரில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிப் பழகிய கை எங்களுடையது. அந்த மண்ணும் வெயிலும் உடனே குடித்துவிடும். இங்கே பிளாஸ்ரிக் சாடிக்குள் அது தேங்கி நிற்கும். எங்கள் வீட்டில் காய்ந்து செத்த கன்றைவிட அழுகிச் செத்த கன்றுகள்தான் அதிகம்.

விரலை இரண்டாம் கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையால் வெளியே வரும்வரை ஊற்றி, அரை மணித்தியாலத்தின் பின் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குளிர்காலத்தில் பைப்பில் வரும் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். வாளியில் பிடித்து வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். சாடிக்கு அடியில் தட்டு இல்லாவிட்டால் மரத்தரை பழுதாகி வீட்டுக்காரருடன் பிரச்சினை வரும். நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை உரம் வேண்டாம். மார்ச்சில் தொடங்கும்போதும் போத்தலில் சொன்ன அளவில் பாதி போதும்.

காய்ந்த காற்றும் சிறு உண்ணியும்

1829 அளவில் லண்டனில் நதானியேல் வார்ட் என்ற வைத்தியர், மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் மண்ணில் ஒரு கூட்டுப்புழுவை வைத்திருந்தார். அந்த மண்ணில் பன்னமும் புல்லும் தானாக முளைத்தன. வெளியே புகை நிறைந்த நகரத்தில் அவருடைய பன்னங்கள் தப்பவில்லை, உள்ளே ஈரக் காற்றில் தப்பின. அதைப் பார்த்து அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் வெப்ப நாட்டுக் கன்றுகள் பல கப்பலேறிக் குளிர் நாடுகளுக்கு வந்தன. காற்றின் ஈரம் அவ்வளவு முக்கியம்.

ஹீற்றர் போட்ட வீட்டில் காற்று மிகவும் காய்ந்து போகும். சாடியை ஹீற்றருக்கு மேலே வைக்கவே வேண்டாம். கன்றுகளை ஒன்றுக்கொன்று கிட்டவாகக் கூட்டமாக வையுங்கள். இலைக்கு அடியில் சிலந்திவலை போல் மெல்லிய நூல் தெரிந்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு உண்ணி வந்துவிட்டது என்று அர்த்தம். குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவுங்கள். கிழமைக்கு ஒருமுறையாக மூன்று நாலு தடவை செய்தால் அடங்கும்.

வீட்டுக் கன்று காற்றைச் சுத்தமாக்கும் என்று சிலர் சொல்லி விற்பார்கள். 1989 இல் நாசா நிறுவனம் மூடிய சிறு பெட்டிகளில் செய்த பரிசோதனையிலிருந்து வந்த கதை அது. சாதாரண வீட்டில் அந்தப் பலன் கிடைக்க அறை நிறையக் கன்று வேண்டும் என்று 2019 இல் வேறு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். கன்றை அதன் வடிவுக்காக வாங்குங்கள். அதுவே போதுமான காரணம்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை

இதைக் கட்டாயம் வாசியுங்கள். டிபன்பாகியா என்ற கன்று, வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலையுடன் மிகவும் வடிவாக இருக்கும். எங்கள் இளைய மகனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அதன் இலையைக் கடித்துவிட்டான். வாயெல்லாம் எரிந்து, உதடு வீங்கி, வீர் என்று கத்தினான். அந்த இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற பளிங்குகள் இருக்கின்றன. கடித்தால் அவை நாக்கிலும் தொண்டையிலும் குத்தும். நல்ல காலம், சில மணித்தியாலத்தில் வீக்கம் வற்றியது. அந்தூரியம், மணி பிளான்ற், பீஸ் லில்லி எல்லாவற்றிலும் இதே பளிங்குகள் உண்டு.

பிள்ளை கடித்துவிட்டால் வாயில் உள்ளதை எடுத்து, குளிர்ந்த ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். நச்சுத் தகவல் நிலையத்தை 1-844-764-7669 என்ற இலக்கத்தில் உடனே அழையுங்கள். கியூபெக் மாகாணத்தில் இருப்போருக்கு இலக்கம் 1-800-463-5060. மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 911. தவழும் குழந்தை உள்ள வீட்டுக்குக் கலத்தியா, ஆபிரிக்கன் வயலற், ஸ்பைடர் பிளான்ற், செவ்வரத்தை போன்றவை பயமில்லாதவை.

இன்னும் இரண்டு விடயம்

ஊருக்குப் போய்வரும்போது மண்ணோடு கன்று கொண்டுவர நினைக்காதீர்கள். வெளிநாட்டு மண்ணைக் கனடாவுக்குள் விடமாட்டார்கள். கன்றுக்கும் முறையான பத்திரங்கள் வேண்டும். மறைத்துக் கொண்டுவந்து பிடிபட்டால் தண்டமும் வரும்.

கோடையில் கன்றுகளைப் பல்கனியில் வைக்கலாம். ஆனால் மே வெயிலைக் கண்டு ஏமாற வேண்டாம். இரவு வெப்பநிலை 12 பாகைக்குக் கீழே இறங்காத ஜூன் மாதமே பாதுகாப்பு. முதல் பத்து நாள் நிழலில் வைத்துப் பழக்குங்கள். செப்ரெம்பர் தொடக்கத்திலேயே உள்ளே எடுத்துவிடுங்கள்.

காசு செலவழிக்காமல் இவற்றைப் பார்க்க வேண்டுமானால் ரொறன்ரோ நகர மத்தியில் உள்ள அலன் கார்டின்ஸ் பூங்காவுக்குப் போங்கள். அங்குள்ள கண்ணாடி மாளிகை 1910 இல் கட்டப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. பெப்ரவரிக் குளிரில் அதற்குள் போய், மேலங்கியைக் கழற்றிவிட்டு வாழை மரத்துக்குக் கிட்ட நின்று பாருங்கள். அம்மா இந்த நாட்டில் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

அம்மாவின் குரோட்டனுக்கு இப்போது மூன்று வயது. யன்னல் பாதியை மறைத்து நிற்கிறது. போன வசந்தத்தில் அதன் நுனிகளை வெட்டி ஈரமண்ணில் ஊன்றி, மேலே பிளாஸ்ரிக் பையால் மூடி வைத்தார். நாலில் மூன்று வேர் விட்டன. ஒன்று, எங்கள் கட்டடத்தின் 4 ஆம் மாடிக்குப் புதிதாக வந்த குடும்பத்துக்குப் போயிற்று. கொடுக்கும்போது அம்மா அவர்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "முதலில் இலை கொட்டும். பயப்பிடாதேங்கோ."

உங்கள் வீட்டிலும் மொட்டையாக ஒரு தடி நின்றால், எறிய முன் ஒருமுறை நகத்தால் கீறிப் பாருங்கள்.